ஆந்தைக்கு மாறுகண்

"ஐயோ... கொன்னுட்டானே!"

ஏதென்ஸ் சந்தை. மீன்கடை வரிசை. உச்சி வெயில்.

அலறியவள் ஃபிலின்னா. அவள் காலடியில், விலாங்குக் கூடைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான் புருஷன் மிக்கியோன்.

மார்பெல்லாம் ரத்தம்!

பக்கத்தில் ஒரு கத்தி. அடுத்த கடை சிமுலோஸுடையது.

"சத்தியமா நான் தொடவே இல்லீங்க!" சிமுலோஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். கொலை என்று நிரூபித்தால் தலை தப்பாது.

ஃபிலின்னா மூக்கைச் சிந்தினாள். "இந்த ஊர்ல கொலை வழக்குப் போட வேண்டியது செத்தவன் சொந்தக்காரங்க நாங்கதான். புள்ளைகுட்டிக்காரன்... பொழைச்சுப் போ. கடையை எங்கிட்ட விட்டுட்டு இப்பவே கப்பலேறிடு!"

புருஷன் செத்த சூடு ஆறவில்லை. என்ன பெருந்தன்மை...!

சிமுலோஸ் அழுதபடியே தலையாட்டினான்.

"நில்லுய்யா!"

கெர்தோன். சந்தையில் காசு சோதிக்கும் அரசாங்க அடிமை. அவன் வாய் மட்டும் யாருக்கும் அடிமையில்லை.

"பொணத்து வாயில காசு இருக்கா?"

"ஏன் இல்லாம?" கூட்டத்தை விலக்கி வந்த சந்தைக் காவலன் அலுத்துக்கொண்டான். "சில்லறையைக் கன்னத்துல அதக்கிக்காதவன் இந்த ஊர்ல யாரு? செத்தவனை ஆத்தைக் கடத்துற பாதாள ஓடக்காரனுக்குக் கூலியும் ஆச்சு!"

"சந்தையில எந்தக் காசும் என் கண்ணுக்குத் தப்பக்கூடாது. சட்டம்!"

"செத்தவன் வாயில கை வைக்காதே, பாவி!" ஃபிலின்னா பாய்ந்தாள்.

அதற்குள் கெர்தோனின் விரல் உள்ளே போயிருந்தது. காசு லேசில் வரவில்லை. இழுத்துத்தான் எடுத்தான்.

மீன் செதில் அளவு வெள்ளி. ஒரு பக்கம் அதேனா தேவி. மறுபக்கம் ஆந்தை.

"அடச்சே... ஆந்தைக்கு மாறுகண்! உள்ளே செம்பு. போலி!"

போலியை வெட்டிப் போடுவதுதான் அவன் வேலை. உளியை வைத்தான். சுத்தியல் உயர்ந்தது...

ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது!

"யோவ்! எதுய்யா போலி? கடிச்சுப் பார்த்துதானே வாங்கினேன்!"

மிக்கியோன்! மீன் ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்திருந்தான்.

ஃபிலின்னா தலையிலடித்துக்கொண்டாள். "அவன் கப்பலேறினப்புறம் எழுந்திருன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா, கஞ்சப் பயலே!"

சிமுலோஸ் கெர்தோனின் காலைக் கட்டிக்கொண்டு விம்மினான். போன உயிர் திரும்பிய சந்தோஷம்.

காவலன் மிக்கியோனின் பிடரியைப் பிடித்தபடி கெர்தோனிடம் திரும்பினான். "உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"செத்தவன் நாக்கு காசை விடாமப் பிடிச்சுக்குமா?"

"சரி... அந்தப் போலிக் காசைக் குடு. சாட்சிக்கு வேணும்."

கெர்தோன் காசைச் சுண்டிப் பிடித்தான்.

"காசு சுத்த வெள்ளி. பொணம்தான் போலி!"