மெயின் சுவிட்சில் இரண்டாவது பூட்டு

சலவைத்தூள் ஆலை வாசலில் மெக்கானிக் பைக்கை நிறுத்தியபோது காலை பத்து மணி. நல்ல வெயில். நாலு மணிக்குள் பெரிய கலவை டிரம்மை ஓட வைத்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஓடாவிட்டால் பழையபடி கூப்பிட்டால் வருகிற பிழைப்புதான். வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை வேறு.

டிரம்முக்குள் இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டில் ஒரு அட்டை தொங்கும்: 'உள்ளே நான் இருக்கிறேன்.' அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்கலாம். என் உயிர் என் சட்டைப் பையில் இருக்கிறது என்று மெக்கானிக் மனைவியிடம் ஜம்பமாகச் சொல்வான்.

பூட்டினான். ஏணி வைத்து இறங்கினான். உள்ளே கும்மிருட்டு. சலவைத்தூள் நெடி மூக்கை எரித்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் தேய்ந்த பேரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது, இரண்டு முறை தன் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டது. எதிரொலிதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

மூன்றரை மணிக்கு டிரம்மிலிருந்து ஏறி வந்து சாவியை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

சுவிட்சில் இரண்டு பூட்டுகள்.

இரண்டாவது துருப்பிடித்திருந்தது. அதிலும் ஒரு பழுப்பேறிய அட்டை.

"வந்துட்டானா?" என்றார் ஆலை எலக்ட்ரீசியன். அவர் கையில் பூட்டு வெட்டும் கட்டர் தயாராக இருந்தது.

"யாருண்ணே?"

"எட்டு வருஷமாச்சு. உன்ன மாதிரி ஒரு மெக்கானிக். டீ குடிக்கப் போயிருப்பான்னு நெனச்சு நான்தான் அவன் பூட்ட வெட்டி சுவிட்சப் போட்டேன், அவன் உள்ளயே இருந்திருக்கான். யார் உள்ள இறங்குனாலும் அன்னிக்கு அவன் பூட்டு வந்துடும். வெட்டிட்டு ஓட்டுவோம். உள்ளேருந்து சத்தம் வரும், காதப் பொத்திக்க."

மணி மூன்று நாற்பது. ஆனாலும் அந்தப் பூட்டை வெட்ட மெக்கானிக்கின் மனம் துணியவில்லை. கட்டரைத் தள்ளிவிட்டு, தன் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு, டிரம்மின் வாயருகே குனிந்தான்.

"அண்ணே... வேலை முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போலாம்."



ஏணிப்படி ஒன்று கிரீச்சிட்டது.

இன்னொன்று.

துருப்பூட்டு 'டக்'கென்று தானாகத் திறந்துகொண்டது. தரையில் வெள்ளைப் பாதச் சுவடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, இருவரையும் கடந்து வாசல் பக்கம் போயின. எலக்ட்ரீசியன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். திரும்பிப் பார்த்தால் சுவிட்சில் பூட்டே இல்லை.

நாலு மணிக்கு டிரம் சத்தமின்றிச் சுழன்றது. மேனேஜர் கைகுலுக்கி, நாளை வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். ஒரு பாவப்பட்ட ஆளை வீட்டுக்கு அனுப்பிவைத்த நிறைவோடு மெக்கானிக் கிளம்பினான். பைக் மட்டும் ஏனோ இரண்டு பேரைச் சுமப்பதுபோல் மேட்டில் ஏறத் திணறியது. வழியில் காய்கறி வாங்கப் பத்து நிமிடம் நிறுத்தினான். மறுபடி ஏறியபோது பைக் லேசாக ஓடியது.

வீட்டுப் படியேறும்போதே சலவைத்தூள் நெடி அடித்தது.

வாசற்கதவின் வெளித்தாழ்ப்பாளில் அந்தத் துருப்பூட்டு பூட்டியபடி தொங்கியது. அட்டையும் இருந்தது. 'உள்ளே நான் இருக்கிறேன்.'

மெக்கானிக் தன் பூட்டின் சாவியை அதில் போட்டுத் திருகினான். அது அசையவில்லை. உள்ளே வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை, யாரோ தூக்கிக்கொண்டதுபோல் சட்டென்று அடங்கியது.

கதவிடுக்கில் மனைவியின் குரல் கிசுகிசுத்தது.

"ஏங்க... யாருங்க இவரு? நீங்கதான் வீட்டுக்குக் கூப்பிட்டீங்களாமே?"