அரோகரா சகாதேவன்

டாக்டர் வேதா தரையில் கிடந்தாள். மண்டை பிளந்திருந்தது.

அவளுடைய உதவியாளன் இளவரசன் இரும்பு உலக்கையைக் கீழே போட்டான். மூலிகை இடிக்க அவள் வாங்கியதுதான்.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே, செங்கம் ரோட்டில் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம்.

"அண்ணாமலையாருக்கு..."

"அரோகரா!"

ஒரு குரல் மட்டும் அறைக்குள்ளிருந்து வந்தது!

இளவரசன் திரும்பினான்.

மூலைக் கட்டிலில், தூங்குவதாக அவன் நினைத்திருந்த சகாதேவன். லாரி டிரைவர். கழுத்து ரத்தக்குழாய் சுருங்கி, பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. மிச்சமிருந்தது ஒரே வார்த்தை. சோறு கேட்கவும் அதுதான், பெண்டாட்டியைக் கூப்பிடவும் அதுதான்.

"பாத்துட்டியா?"

"அரோகரா."

இளவரசன் சிரித்துவிட்டான்.

"போலீஸ் கேட்டாலும் இதையேதான சொல்லுவ? ஆனா இடது கை இருக்கே... நீட்டிக் காட்டிட்டீனா?"

கட்டிலில் ஏறினான். இடது கையை முழங்காலால் அழுத்தினான்.

"இந்தம்மா மாத்திரை நிஜமாவே குழாயை விரிக்குது. அது வேலைக்கு ஆகலைன்னு நான் கதை கட்டிட்டு, ஃபார்முலாவை மும்பைக் கம்பெனிக்காரனுக்குத் தள்ளிவிட்டேன். நீ தேறிட்டா என் பொய் நிக்காதுல்ல? அதான் உனக்கு வெறும் மாவு மாத்திரை குடுத்தேன். இவ மோப்பம் புடிச்சிட்டா."

"அரோ..."

"திருடன் டாக்டரை அடிச்சான். பாத்த அதிர்ச்சியில உனக்கு ரெண்டாவது ஸ்ட்ரோக். சரிதானே?"

கட்டைவிரலைக் கழுத்துக் குழாயில் வைத்து அமுக்கினான்.

"அரோகராஆ!" சகாதேவன் அலறினான்.

"அரோகரா!" ரோட்டில் போன கூட்டம் பக்தியோடு பதில் கொடுத்தது. ஒரு ஆள்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

சகாதேவனின் கண்கள் பிதுங்கின. இன்னும் கொஞ்சம்தான்...

இளவரசனின் தொண்டையை ஏதோ கவ்வியது.

கை. வலது கை!

வருஷக்கணக்கில் ஸ்டியரிங் ஒடித்த கை அது. இறுக்கியது. இளவரசன் திமிறினான், குத்தினான், நகத்தால் கீறினான். கை விடவில்லை. குரல்வளை நொறுங்கும் சத்தம் அவனுக்கே கேட்டது.

டீ பிளாஸ்க்கோடு வந்த சகாதேவனின் மனைவி கன்னியம்மாள் போட்ட கூச்சலில்தான் கூட்டம் உள்ளே ஓடி வந்தது.

இன்ஸ்பெக்டர் சரோஜா வந்தபோது இளவரசன் சுவரில் சாய்ந்து கிடந்தான்.

"எப்படிம்மா இவர் கை அசைஞ்சுது?"

"டாக்டரம்மா போன மாசமே மாத்திரைய மாத்திட்டாங்க மேடம். விரல் அசையிறத யாருக்கும் சொல்லாதன்னாங்க. புண்ணியவதி... அவங்கள போய் கொன்னுட்டானே பாவி." கன்னியம்மாள் உடைந்து அழுதாள்.

சரோஜா குனிந்தாள். "நீங்க என்ன சொல்றீங்க இளவரசன்?"

வாய் திறந்தான். உடைந்த குரல்வளையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. அந்த ஒரு வார்த்தைகூட இல்லை.

சரோஜா கட்டில் பக்கம் திரும்பினாள்.

"நீங்களே சொல்லுங்கய்யா. இனிமே இவன் கதி?"

சகாதேவன் வலது கையைத் தூக்கி இளவரசனைக் காட்டினான்.

"அரோகரா."