குட்டி ஹோஸில் வந்த மூச்சு

ஒரு மாதம் கழித்துக் கடல் ஃபுரைஜைத் திருப்பிக் கொடுத்தது!

வாயில் மூச்சுக்கருவியான ரெகுலேட்டர் இல்லை. கழுத்தடியில் தொங்கும் குட்டி ஹோஸை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி... பிணம்.

அன்று எகிப்தின் தஹப் கரையில் யாரும் மீன் சாப்பிடவில்லை. பூனைகளே கொஞ்சம் யோசித்தன.

போலீஸ் திருப்பிக் கொடுத்த ரெகுலேட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் தங்கை ரஸ்மியா டைவிங் கடைக்குள் நுழைந்தாள். கடையில் பாதி இப்போது அவளுடையது. மறுபாதி ஷாதிலிக்கு. அவள் அண்ணனோடு கடைசியாக மூழ்கியவன்!

"இனிமே இதோடதான் இறங்குவேன், ஷாதிலி அண்ணே."

"செத்தவன் சாமானையா? வேணாம் தங்கச்சி. சாதா செட்டு எடுத்துக்க. உதிரி ரெகுலேட்டர் விலாவுல தொங்கும்."

"தொங்கும்... பாறையில சிக்கும், மண்ணைத் தின்னும்! மூச்சு முட்டுறவன் விலாவையா தேடுவான்? நம்ம வாயில இருக்கிறதைத்தான் பிடுங்குவான். எங்கண்ணன் முறைதான் சரி. வாயில நீள ஹோஸ். கேக்கறவனுக்கு அதைக் குடு. நீ கழுத்துல இருக்கிற குட்டிக்கு மாறிக்க."

"மாறினவன் எங்க போனான்னு பார்த்தல்ல?"

"என்னையும் போகச் சொல்றீங்களா?"

ஷாதிலி அவளை உற்றுப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

"பிடிவாதக்காரி! சரி, வா. ஒத்திகை பார்த்துடலாம்."

அந்தக் குட்டி ஹோஸுக்குள் ஊசித்துளையுடன் ஓர் ஈயமணி. வைத்தவன் அவனேதான்! கரையில் ஊதிப் பார்த்தால் நாலு மூச்சு நன்றாக வரும். ஆழத்தில்...?

அண்ணன் போயாயிற்று. தங்கச்சியும் போய்விட்டால், கடை முழுதும் அவனுக்கே!

முப்பது மீட்டர்.

நீலம் கறுத்தது. ஷாதிலி தன் கழுத்தை அறுப்பதுபோல் கையால் காட்டினான். காற்று தீர்ந்துவிட்டதாம். பொய்!

ரஸ்மியா வாயிலிருந்ததைக் கொடுத்தாள். குட்டிக்கு மாறினாள்.

அவன் காத்திருந்தான்...

ஒரு குமிழி. இரண்டு. அப்புறம்... குபுகுபுவென்று!

அவள் நிதானமாக மூச்சு விட்டாள். அவள் குமிழிகளை ஒட்டி இன்னொரு வரிசைக் குமிழிகள் மேலேறின. அடியில் ஆளே இல்லை!

"ஐயோ... பேய்! பேய்!"

ஷாதிலி அலறிக்கொண்டு கரையேறினான். டீ உறிஞ்சிக்கொண்டிருந்த போலீஸ் கேப்டன் வஹ்பாவின் காலிலேயே விழுந்தான்.

"பாஷா, ஐயா! அதுல எப்படி மூச்சு வந்துச்சு? உள்ள மணி இருக்கே!"

"எந்த மணி?"

"நான் வச்ச..."

வாயைப் பொத்தினான். பொத்திய கையில் விலங்கு ஏறியது!

பின்னாலேயே வந்த ரஸ்மியா ஹோஸைக் கழற்றிக் கேப்டனிடம் நீட்டினாள்.

"ஹோஸை மாத்தினியா, மகளே?"

"தொடவே இல்ல, பாஷா!"

வஹ்பா கத்தியால் ஹோஸைக் கிழித்தார். ஈயமணி மணலில் உருண்டது.

"அப்போ... நான் கீழ யார் குடுத்ததைச் சுவாசிச்சேன்?"

"அவன்தான்! ஃபுரைஜ்தான் குடுத்தான்! என் கண்ணால பார்த்தேன்!" கத்தினான் ஷாதிலி.

வஹ்பா மிச்ச டீயை ஒரே மடக்கில் முடித்தார்.

"அருமையான சாட்சி. விலாசத்தையும் நீயே சொல்லிடுப்பா... சம்மன் அனுப்பணும்!"