வாளிச் சத்தம்

ஆற்றில் விட்ட நீர்நாய்க்குட்டி மறுபடியும் அடிபட்டு, கோணிப்பைக்குள் திரும்பி வந்தது.

"மீன் பிடிக்கிறவங்க பக்கத்துலயே போய் நிக்குது. துடுப்பால ஒரே போடு!" என்றார் அப்பா. காட்டு விலங்குகளுக்கான மருத்துவமனையில் தீனி போடுவது அவர் வேலை.

அவர் மகளை எல்லோரும் 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கூண்டுப் பக்கம் வந்தால் அவள் வாயே திறக்க மாட்டாள். அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! மனிதரிடம் பழகிவிட்டால் காட்டு விலங்கு வெளியே பிழைக்காது. அதனால் அங்கே முகத்தை மூடிக்கொண்டு, பேசாமல், திரைக்குப் பின்னால் நின்றுதான் மீன் போடுவார்கள்.

"இன்னும் ஒரே தடவை விட்டுப் பாப்போம்," என்றார் டாக்டரம்மா, கட்டுப் போட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்ததும். "அப்பவும் இப்படின்னா ஆயுசுக்கும் கூண்டுதான். போன வருஷம் விட்டது எதுவும் உயிரோட இல்லை. நாம காப்பாத்துறோமா, சாகுறதுக்கு வளர்த்து அனுப்புறோமான்னே தெரியலை."

அப்பா கூண்டுப் பக்கம் போய் மீன் வாளியை எடுத்தார்; வாயாடியும் பின்னால் போனாள். கைப்பிடி 'கிணுங்' என்றது. சுருண்டு கிடந்த குட்டி, வலியோடு எழுந்து திரைப் பக்கம் ஓடி வந்தது.

வாயாடி குட்டியையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பாவை வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, ஆத்துல மீன் பிடிக்கிறவங்க மீனை எதுல போடுவாங்க?"

"இதென்ன கேள்வி? வாளியிலதான்."

"அதான்! அது ஆளுங்களைத் தேடிப் போகலைப்பா, வாளிச் சத்தத்தைத் தேடிப் போகுது. நாம வாயைப் பொத்தினோம், வாளியைப் பொத்தலையே!"

அப்பா வாளியை மெதுவாகத்தான் கீழே வைத்தார். அப்போதும் அது 'கிணுங்' என்றது.

"இனிமே மீனைப் பையில கொண்டு வரேன். பழகினதை எப்படி மறக்கடிக்கிறது?"

"அந்தச் சத்தம் கேட்டா அதுக்குப் பயம் வரணும்."

"என்னால ஆகாதும்மா. என் கையால வளர்ந்தது அது."

டாக்டரம்மா சம்மதித்தார். காயம் ஆறியதும் வாயாடியே ஆரம்பித்தாள். முகத்தை மூடிக்கொண்டு வாளியை ஆட்டினாள். ஓடி வந்த குட்டியின் மேல் தண்ணீரை வீசினாள். அதுவோ குஷியாக உருண்டு புரண்டது! நீர்நாயைத் தண்ணீரால் பயமுறுத்தப் போனால் வேறென்ன நடக்கும்?

பிறகு வாளியை ஆட்டியதுமே ஒரு தகரத்தை எடுத்துத் தடதடவென்று தட்டினாள். குட்டி நடுங்கி மூலையில் ஒடுங்கியது. ஏன் என்று கேட்பது போல அவளையே பார்த்தது. தினமும் அப்படித்தான். தினமும் வீடு வரைக்கும் அழுதுகொண்டே போவாள்.

மறுபடியும் ஆற்றங்கரை. கூண்டைத் திறந்ததும் குட்டி நீரில் வழுக்கி இறங்கியது. எதிர்க்கரையில் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. குட்டி சட்டென்று மூழ்கி, ஆளில்லாத நாணல் பக்கம் போய் மறைந்தது.

"பிழைச்சுக்குமா, டாக்டரம்மா?"

"தெரியலைடா கண்ணு. ஆத்துல தண்ணியும் குறையுது, மீனும் குறையுது. ஆனா இனிமே துடுப்புகிட்ட போகாது."

எல்லோரும் வண்டியில் ஏறினார்கள். வாயாடி மட்டும் கரையில் நின்று, தன் வாளியை ஒரே ஒரு தடவை மெல்ல ஆட்டினாள். வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வராதா என்றும் இருந்தது.

நாணல் அசையவே இல்லை.

"வரலைப்பா!" என்று கத்தினாள் வாயாடி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.