சத்தமில்லாத படிப்பு

ரோசி அக்கா பிளஸ் ஒன் சேர்ந்ததிலிருந்து, ராயபுரத்து வீட்டில் அவள் குரலே கேட்பதில்லை. முன்பெல்லாம் செய்யுளோ வரலாறோ, தெருமுனை வரை கேட்கும்படி படிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே தங்கை ஜானட்டுக்குப் பாதி மனப்பாடமாகிவிடும். இப்போதோ இயற்பியல் புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டிலேயே இருந்தும் அக்கா வெளியூர் போய்விட்டதுபோல ஜானட் ஏங்கிப் போனாள்.

அப்பா இன்னாசி துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவர். சத்தம் போட்டால் பிள்ளை படிக்கிறது, போடாவிட்டால் ஏமாற்றுகிறது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. முதல் தேர்விலேயே அக்காவுக்கு மதிப்பெண் குறைந்ததும், திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் வேறு பாடப்பிரிவுக்கு மாற்றிவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கியது.

ஜானட்டுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிறு மதியம் அக்காவின் புத்தகத்தை எடுத்து வந்து, சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் ஒரு கேள்வியைக் காட்டினாள்.

குளத்தில் ஒரு படகு. படகில் ஒரு நங்கூரம். அதைத் தூக்கிக் குளத்துக்குள் போட்டால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா?

ஏறும் என்றார் அப்பா, சட்டென்று. விடைப் பக்கத்தைப் புரட்டினால், இறங்கும் என்று இருந்தது. அது எப்படி இறங்கும்?

“சத்தம் போட்டுப் படி நைனா. அப்பதான வரும்?” என்றாள் ஜானட், ஒன்றும் தெரியாதவள்போல.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். மறுபடியும் படித்தார். பக்கத்து வீட்டு ராஜாத்தி அத்தை என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்ததுதான் மிச்சம். பிறகு அவர் அடங்கிவிட்டார். மீன்குழம்பில் விரலால் படகு வரைந்தார். சுவரைப் பார்த்தார்.

“இன்னாய்யா, சோறு ஆறுது. தூங்கிட்டியா?” என்றாள் அம்மா.

“பேசாம இரு. யோசிச்சுகினு கீறேன்.”

சொன்னவர் சட்டென்று நிமிர்ந்தார். உள்ளறையைத் திரும்பிப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“அவளும் இதத்தான் பண்ணிகினு கீறாளா?” என்று மெல்லக் கேட்டார். ஜானட் தலையாட்டினாள்.

அது எப்படி இறங்கும் என்று அப்பா கூப்பிட்டுக் கேட்டதும் அக்கா ஓடிவந்தாள். குண்டானில் தண்ணீர் ஊற்றி, டிபன் பாக்ஸை மிதக்கவிட்டு, இஞ்சி நசுக்கும் கல்லை அதில் வைத்தாள். பாக்ஸோடு மிதக்கும்போது கல் தன் எடைக்குத் தகுந்த தண்ணீரை ஒதுக்குமாம். மூழ்கிவிட்டால் தன் உருவத்துக்குத் தகுந்த அளவு மட்டும்தானாம். கல்லை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டாள். நீர்மட்டம் இறங்கியது. அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அக்கா பேசிக்கொண்டே போனாள். ஜானட் அவள் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

திங்கட்கிழமை அப்பா பள்ளிக்குப் போகவில்லை. மாலையில் வந்தவர், வீடு அமைதியாக இருப்பதைப் பார்த்து, டிவி சத்தத்தைத் தானே குறைத்தார்.

“அக்கா கொரல் கேக்காம பேஜாரா கீதா நைனா?” என்றாள் ஜானட்.

“கீதுதான். சோறு துன்ன வருவால்ல?”

அக்கா வந்து உட்கார்ந்ததும், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பா கேட்டார்.

“இன்னிக்கு இன்னா கேள்வி?”