இரண்டாவது 211/4

அடுப்பில் இட்லி வேகும் நேரத்தில் தையல்நாயகி மொட்டை மாடியில் நின்று, ஏரிக்கு அக்கரையில் அஞ்சலாட்சியின் கடை வாசலில் நிற்கும், ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் தன்னோடி வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நேற்று பதினொன்று. இன்று எட்டு மணிக்குள்ளேயே பதினான்கு. கையிலிருந்த தொலைநோக்கி மாப்பிள்ளை பறவை பார்ப்பதற்காக வாங்கித் தந்தது. அதில் அவள் இதுவரை ஒரு கொக்கைக்கூடப் பார்த்ததில்லை.

அவளுடைய வாசலிலும் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றும் நிற்பதில்லை. புறவழிச்சாலையில் நிமிடத்துக்கு ஆறு தன்னோடிகள் அவளுடைய சாப்பாட்டுக் கடைப் பலகையைக் கடந்து சீறிக்கொண்டு போயின. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் பசியோடு எட்டிப் பார்த்தார்கள். சிலர் கையைக்கூட ஆட்டினார்கள். எண் இல்லாத இடத்தில் தன்னோடி நிற்காது, யாரையும் இறக்காது, ஏற்றாது. அதுதான் சட்டம்.

அஞ்சலாட்சி வேறு யாருமில்லை, அவளுடைய ஓரகத்தி. எட்டு வருடங்களுக்கு முன் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, புறவழிச்சாலைப் பக்கத்து நிலத்தை அடம் பிடித்து வாங்கியவள் தையல்நாயகிதான். “பழைய ரோட்டுல ஈ காக்கா வராது. அது அக்காவுக்கே இருக்கட்டும்” என்று பத்துப் பேர் முன்னால் சிரித்தும் இருந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்கே தன் வாயில் இரண்டு போடலாம் போலிருந்தது.

தலைகீழ் மாற்றம் வானத்திலிருந்துதான் வந்தது. செயற்கைக்கோளைப் பார்த்து வழி சொல்லும் வான்காட்டிகளை ஏமாற்றும் கருவிகள் சந்தையில் கத்தரிக்காயோடு சேர்த்து விற்கத் தொடங்கியதும் ஊர் உலகம் வழி தவறியது. சரக்கு வண்டிகள் ஏரிக்குள் இறங்கின. ஒரு மணப்பெண் வேறொருவர் கல்யாண மண்டபத்தில் போய் இறங்கினாள். சரி, சாலைப் பலகைகளை நம்பலாம் என்றால், பெயின்ட் டப்பா வைத்திருக்கிற எவனும் ஊரை நகர்த்திவிட்டான். கடைசியில் பொறியாளர்கள் பழைய பாலங்களிடம் போனார்கள். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது அழுத்திய எண்ணின் மேல் சிமெண்டுப் பால் தோலாகப் படிந்து இறுகியிருக்கும். இறுகிய பிறகு வெட்டிய எண்ணில் உடைந்த ஜல்லி தெரியும். இந்த வித்தியாசத்தைப் பார்க்கும் ‘ஈரக்கண்’ ஒவ்வொரு தன்னோடியின் நெற்றியிலும் ஏறியது. மனிதர் கையால் வண்டி ஓட்டுவதை அதற்கு முன்பே தடை செய்திருந்தார்கள்.

கல்லேரியில் பழைய சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ‘என்.எச். 45’ என்றும், அதன் கீழே ‘211/4’ என்றும் பதிந்திருந்தது. இருநூற்றுப் பதினோராவது கிலோமீட்டரில் நாலாவது பாலம். அரசாங்கம் அதன் பிறகு சாலைக்கு எண்ணை மாற்றியது. பழையதைச் செதுக்கி எடுக்க எவனுக்கும் சோம்பல். அந்தச் சோம்பல்தான் அஞ்சலாட்சிக்கு யோகமாகிவிட்டது. அந்தப் பக்கத்துக்கு இப்போது 211/4 என்பதே முகவரி. புறவழிச்சாலைப் பாலத்தில் எண் பெயின்டில்தான் இருந்தது. ஈர எண் கேட்டு ஊர்க்காரர்கள் போட்ட மனு மூன்று வருடமாக எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் அன்று காலை சென்னையிலிருந்து மகள் நிறைமதி பேசினாள். அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறக்கப் போகிறது.

“அம்மா, நான் சொல்றத கேட்டுக் கோவப்படாத. உங்க வீட்டுக்கு வண்டி நிக்காது. அவசரத்துக்குப் பிரசவம் பாக்கற பேற்றுவண்டி வரணும்னாலும் எண் வேணும். அதனால பெரியம்மா வீட்டுலயே பிரசவம் வச்சுக்கலாம்னு பாக்கறோம். பெரியம்மாவும் வரச் சொல்லிட்டாங்க.”

“அவங்க சொல்லிட்டாங்களா? பெத்தவ நான் இருக்கேன், அவங்க என்னடி சொல்றது?”

“அம்மா...”

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான். வண்டி நிக்கும். நான் நிக்க வைக்கறேன்.”

போனை வைத்ததும் தையல்நாயகிக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. அஞ்சலாட்சி சாலையை எடுத்துக்கொண்டாள், வண்டிகளை எடுத்துக்கொண்டாள், இப்போது பேரப்பிள்ளையையும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாளா?

புறவழிப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் மழையில் சரிந்து, அந்த வாரம்தான் கொத்தனார் துரைக்கண்ணு அதைப் புதிதாக வார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வேளையும் தையல்நாயகி கடையில்தான் சாப்பாடு. மனுசன் சாப்பாட்டுக்கு மடங்குவார் என்பது அவளுக்குத் தெரியும். ஈரச் சுவரில் எண்ணைப் பதிக்க ஒரு அச்சு மட்டும்தான் வேண்டும்.

அவள் பரோட்டாவுக்குப் பிசைகிற மாதிரி மைதாவை இறுக்கமாகப் பிசைந்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை வழியாக நாலு கிலோமீட்டர் நடந்தாள். மதியம் பழைய பாலத்தில் ஆள் இல்லாத சமயம் பார்த்து, எண்ணின் மேல் மாவை அப்பி, உள்ளங்கையால் அழுத்தினாள். உரித்து எடுத்தபோது எழுத்துகள் புடைத்துக்கொண்டு கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி நின்றன. அதே நடையில் அஞ்சலாட்சி கடைக்குள் போய், “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா” என்று மோர் குடித்துவிட்டு வந்தாள். பரோட்டாக் கல்லின் ஓரத்தில் இரண்டு நாள் மிதமான சூட்டில் வைத்ததும் மாவு ஓடுபோல் இறுகியது.

துரைக்கண்ணு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மேல இருக்கற நாப்பத்தஞ்சு சரி, போவட்டும். கீழ எதுக்கும்மா 211/4? அது அவங்க பாலம். நம்மளுது 213க்கு மேல வரும். 213/1னு பதிச்சிட்டா யாருக்கும் வம்பு இல்ல. வண்டியும் நிக்கும்.”

நியாயமான யோசனை. வேறு யாராக இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

“அவளுக்கு இருக்கறது அப்படியே எனக்கு இருக்கணும், கொத்தனாரே. ஒரு புள்ளி கூடவும் வேணாம், குறையவும் வேணாம்.”

துரைக்கண்ணு ஈரச் சுவரில் மாவு அச்சை வைத்து, பலகையால் ஒரே தட்டாகத் தட்டினார்.

சுவர் இறுகிய மறுநாள் காலையில் தெற்கிலிருந்து வந்த ஒரு நீலத் தன்னோடி பாலத்தருகே வேகம் குறைத்தது. அதன் நெற்றியில் ஈரக்கண் இரண்டு முறை மின்னியது. “211/4 வந்துவிட்டது” என்று சொல்லிக் கதவைத் திறந்தது. இறங்கிய குடும்பம் இரண்டு தட்டு பொங்கலும் நாலு வடையும் கேட்டது. தையல்நாயகிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அன்று மாலைக்குள் பத்தொன்பது வண்டிகள். அவள் கணவர் பலராமன் சட்னி அரைத்தே களைத்துப் போனார்.

“இவளே, எல்லாம் தெக்க இருந்து வர்ற வண்டியாவே இருக்கு. மெட்ராஸ் வண்டி ஒண்ணும் நிக்கலையே?” என்று அவர் கேட்டார்.

“நிக்கும். நேத்துதான பொறந்திருக்கு நம்ம பாலம்” என்றாள் அவள். சந்தோஷத்தில் யோசிக்க அவளுக்கு நேரமில்லை. பலராமன் கேட்டதில்தான் விஷயமே இருந்தது. ஒரே எண் இரண்டு இடத்தில் இருக்க முடியும் என்று தன்னோடிகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கான்கிரீட் பொய் சொல்லாது. ஆகவே இரண்டும் ஒரே இடம், இரண்டுக்கும் நடுவே தூரம் பூஜ்யம். எது முதலில் கண்ணில் படுகிறதோ அங்கே நிற்க வேண்டியதுதான். தெற்கிலிருந்து வந்தால் தையல்நாயகியின் பாலம் முதலில் வரும். வடக்கிலிருந்து வந்தால் அஞ்சலாட்சியின் பாலம்.

நிறைமதி வடக்கிலிருந்து வந்தாள்.

தையல்நாயகி ஆரத்தித் தட்டோடு வாசலில் மூன்று மணி நேரம் நின்றாள். சுண்ணாம்பு கலந்த மஞ்சள் நீர் தட்டில் காய்ந்தே போனது. அப்புறம்தான் போன் வந்தது.

“அம்மா, வண்டி பெரியம்மா வீட்டுல இறக்கிடுச்சு. உங்க வீட்டுக்குப் போன்னு பத்து வாட்டி சொல்லிட்டேன். ‘நாம் 211/4-இல்தான் இருக்கிறோம்’னு சொன்னதையே சொல்லுது. வேற வண்டியும் கூப்பிட்டுப் பாத்தேன், அதுவும் நகர மாட்டேங்குது. நாலு கிலோமீட்டர் என்னால நடக்க முடியாது. இங்கயே இருக்கேனே. பெரியம்மா வத்தக்குழம்பு வச்சிருக்காங்க, ரொம்ப நாள் ஆச்சு இப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டு.”

கடைசி வாக்கியத்தை மட்டும் நிறைமதி சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த பதினெட்டு நாளும் தையல்நாயகி கேரியரில் மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவள் போகும்போதெல்லாம் மகள் அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருப்பாள். ஒரு நாள் அஞ்சலாட்சி நிறைமதியின் வீங்கிய காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு அந்த மடியில் சாய்ந்திருந்தாள். தையல்நாயகி வாசலிலேயே கேரியரை வைத்துவிட்டுத் திரும்பினாள். தன் எண்ணை உடைத்தாலும் பிரயோஜனம் இல்லை, உடைத்தால் எந்த வண்டியும் மகளைக் கொண்டுவந்து விடாது. உடைக்காவிட்டாலும் விடாது. இப்படி ஒரு முடிச்சைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டோமே என்று வழியெல்லாம் புலம்பினாள்.

பத்தொன்பதாம் நாள் மதியம் அஞ்சலாட்சி போன் செய்தாள்.

“தையலு, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. பேற்றுவண்டிய கூப்பிட்டு அரை மணி ஆவுது, இன்னும் காணோம். புள்ள துடிக்கிறா.”

தையல்நாயகி பதில் சொல்வதற்குள் வாசலில் சங்கொலி கேட்டது. வெள்ளை நிறத்தில், பெரிய ஈரக்கண்ணோடு, தெற்கே மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பேற்றுவண்டி அவள் வீட்டு முன்னால் அழகாக நின்றது. கதவு திறந்தது. உள்ளே விரித்த படுக்கையும், சூடான துணியும், பிள்ளையை ஏந்துவதற்கு இரண்டு மெத்தென்ற இயந்திரக் கைகளும் தயாராக இருந்தன. ஓட்டுநரும் இல்லை, நர்சும் இல்லை.

“கர்ப்பிணியை அழைத்து வாருங்கள்” என்றது வண்டி.

“இங்க இல்ல! பழைய ரோட்டுல, எங்க ஓரகத்தி வீட்டுல இருக்கா. அங்க போ!”

“கர்ப்பிணி 211/4-இல் இருக்கிறார். நாம் 211/4-இல் இருக்கிறோம். அழைத்து வாருங்கள்.”

அவளே ஏறி உட்கார்ந்து, “போ, போ” என்று படுக்கையைத் தட்டினாள். இயந்திரக் கை மரியாதையாக அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “நீங்கள் கர்ப்பிணி அல்ல” என்று இறக்கிவிட்டது. பலராமன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அங்கேயும் ஒரு இயந்திரம்தான், வண்டி சேர்ந்துவிட்டது என்று வாழ்த்துச் சொன்னது. வடக்கிலிருந்து வேறு வண்டி வர ஒன்றரை மணி நேரமாகும்.

ஒவ்வொரு வண்டியும் தன் வாசலில் நிற்க வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். நின்றுகொண்டிருந்தது.

தையல்நாயகி பின்கட்டிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினாள். முதல் அடியில் கை அதிர்ந்து தோள்வரை வலித்தது. பத்தாவது அடியில் நாலு போனது. அவள் நிறுத்தவில்லை. 211 போனது, 45 போனது, என்.எச். போனது. சுவரில் உடைந்த ஜல்லி மட்டும் பல்லை இளித்தது.

பேற்றுவண்டியின் ஈரக்கண் மின்னியது. “இங்கே எண் இல்லை. வழி திருத்தப்படுகிறது. 211/4-க்கு நாலு கிலோமீட்டர்.”

“என்னையும் ஏத்திக்க” என்று அவள் கதவைப் பிடித்தாள்.

“எண் இல்லாத இடத்தில் யாரையும் ஏற்ற இயலாது. கையை எடுக்கவும்.”

வண்டி பறந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் தன்னோடிகள் பின்னாலேயே ஒவ்வொன்றாய்க் கிளம்பிப் போய்விட, கையில் சாம்பார் வழிய அவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். தையல்நாயகி எதையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரிக்கரைமேல் ஓடத் தொடங்கினாள். பாதி வழியில் போன் அடித்தது.

“பொம்பளப் புள்ள, தையலு! ரெண்டு உசுரும் நல்லாருக்கு. வண்டி வந்து சேர்றதுக்குள்ள தல தெரிஞ்சிடுச்சு. நான்தான் கையில வாங்குனேன். கோச்சுக்காத.”

“கோவம் என்னக்கா கோவம்” என்று சொல்லிவிட்டு அவள் கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். மகள் பிழைத்ததற்கும் அழுதாள், ‘நான்தான் கையில வாங்குனேன்’ என்பதற்கும் அழுதாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது நிறைமதியும் குழந்தையும் பேற்றுவண்டிக்குள் படுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்துப் பார்க்க வேண்டுமாம். துணைக்கு ஒருவர் வரலாம். தையல்நாயகி படியில் காலை வைத்தாள்.

“உங்கள் இருப்பிடம் இன்று மதியம் ஒன்று பத்துக்கு நீக்கப்பட்டுவிட்டது” என்றது வண்டி. “திரும்பக் கொண்டுவந்து விட எண் இல்லாதவரை ஏற்ற இயலாது. வேறு துணை உண்டா?”

“அம்மா...” என்று உள்ளிருந்து நிறைமதி கையை நீட்டினாள். இயந்திரக் கை அதை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தது.

அஞ்சலாட்சி தவித்துப் போய் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“புள்ளய தனியா அனுப்ப முடியாதுடி. நான் போறேன். சோறு வடிச்சிருக்கு, குழம்பு அடுப்புல இருக்கு. கடையப் பாத்துக்க. வண்டி வந்துகிட்டே இருக்கும்.”

கதவு மூடுவதற்குள் துணிப்பொதியில் ஒரு சிவந்த உச்சந்தலை மட்டும் தையல்நாயகிக்குத் தெரிந்தது. வண்டி தெற்கே திரும்பி, அவளுடைய வீடு இருந்த வழியாகவே போனது.

சற்று நேரத்தில் சென்னையிலிருந்து வந்த ஒரு தன்னோடி வாசலில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மூன்று. முதல் வண்டியிலிருந்து இறங்கிய அம்மாள் பலகையைப் படித்துவிட்டு அவளிடம் வந்தார்.

“அஞ்சலாட்சி அம்மா கடை இதுதான? நீங்கதான் அஞ்சலாட்சி அம்மாவா?”

தையல்நாயகி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஆமா. உள்ள வாங்க, இலை போடறேன்.”

பரிமாறக் கரண்டியை எடுத்தாள். தெற்கே போகிற வண்டியில் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவளை நினைக்க நினைக்க, அவளுக்கு வயிறு எரிந்தது.