முசரவாக்கத்துக் கல்

நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது என்று இருந்தது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தாளில் பதினாறு என்று இருந்தது.

எழுதியதும் பேராசிரியர் கலியாணசுந்தரம்தான், படியெடுத்ததும் அவர்தான். போன வாரம் கல்லின் எதிரில் குந்தி, விரலால் தடவித் தடவிப் படித்து நோட்டில் குறித்தது ஒன்பது. இன்று காலை அதே கல்லின் மேல் ஈரத் தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்து வந்த படியில், கருப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய் எழுத்து எழும்பிப் பதினாறு என்றது. பழைய எழுத்தைப் படிப்பதில் பெயர் வாங்கிய மனிதருக்கு இது வெட்கக்கேடு. நல்லவேளை, பார்க்க ஆளில்லை. ஒன்பதை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினார். ஐம்பத்திரண்டு வயது, அலுப்பு, வேறென்ன என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அலுப்பு அவருக்குப் புதிதும் இல்லை. இருபத்திரண்டு வருடம் சென்னைக் கல்லூரியில் அதே பாடம், அதே மஞ்சள் பூத்த குறிப்பு, மூட்டை மூட்டையாய் விடைத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் பெரிய மனது பண்ணி ஒரு வருடம் ஆராய்ச்சி விடுப்பு கொடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில், தையல்நாயகி அம்மாள் வீட்டுப் பின்கட்டில் சாப்பாட்டோடு ஓர் அறை கிடைத்தது. முன்கட்டில் விடிந்தது முதல் தறி ஓடும் சத்தம், கொல்லையில் சாயத்தொட்டியின் புளித்த வாடை, ஜன்னலில் மாடு அசைபோடும் ஓசை. இதற்கு நடுவில் உட்கார்ந்து, பத்து வருடமாய்த் தள்ளிப்போட்ட புத்தகத்தை முடித்துவிட வேண்டும். இந்த வருடம் விட்டால் அது என்றைக்கும் வராது என்பது அவருக்கே தெரியும்.

அந்தப் புத்தகத்துக்குக் கடைசி அத்தியாயம் முசரவாக்கத்தில் கிடைத்தது. தணிகாசலம் என்ற விவசாயி வரப்பு வெட்டும்போது கல் தட்டுப்பட்டது. சமண முனிவர் ஒருவர், வாழ்ந்தது போதும் என்று தாமே முடிவு செய்து, இத்தனை நாள் உண்ணாதிருந்து உயிர் விட்டார் என்று நட்ட கல். பெயர் இருந்த இடம் சிதைந்திருந்தது. நாள் எண்ணிக்கை மட்டும் நேற்று வெட்டியதைப் போலத் தெளிவாக இருந்தது.

சனிக்கிழமை மாலைகளில் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்கள் சிலருக்குக் கல்வெட்டு படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளையே சுவரில் மாட்டினார். வேணுகோபால் என்ற தமிழாசிரியர் கிட்டே போய், எழுத்துக்கூட்டிப் படித்து, தயங்கித் திரும்பினார்.

"சார், இருபத்து மூணுன்னு இருக்குதே. நீங்க போர்டுல பதினாறுன்னு எழுதிக்கீறீங்க."

யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். கலியாணசுந்தரம் தாளருகே போனார். இருபத்து மூன்று. மை காய்ந்து மொடமொடத்த அதே தாள். அவருடைய கையெழுத்தில் ஓரத்தில் தேதி. "கண்ணாடி மாத்தணும்" என்று சொல்லிச் சமாளித்தார். வீடு திரும்பும் வழியில் வேட்டி இரண்டு முறை நழுவியது, கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறி இறங்கியது.

தையல்நாயகி அம்மாள் அறை வாசலில் தட்டோடு நின்றிருந்தாள்.

"சார், என் சமையல் புடிக்கலன்னா சொல்லிடுங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"ஏம்மா அப்படிச் சொல்றீங்க?"

"தெனம் வெச்சது வெச்ச மேனிக்கே இருக்குது. தண்ணி சொம்பு மட்டுந்தான் காலியாவுது. நீங்க ஓட்டல்ல துன்றீங்கன்னு நெனச்சிக்கினு மாட்டுக்கு ஊத்திக்கினு இருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. மத்தியானம் தின்ற கத்திரிக்காய்க் காரக்குழம்பு இன்னும் நாக்கில் இருந்தது. "இரண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டேனேம்மா" என்றார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தட்டைச் சாய்த்துக் காட்டினாள். ஆறிப்போன சோறு, மேலே ஆடை கட்டிய காரக்குழம்பு. ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை.

அவள் போன பிறகு டயரியை எடுத்தார். கல்லின் மேல் இருந்த மண்ணை முதன்முதலில் கையால் துடைத்தது ஜூன் இருபத்தொன்று. விரல் விட்டு எண்ணினார். ஒன்பது என்று படித்தது ஒன்பதாம் நாள். படியெடுத்தது பதினாறாம் நாள். இன்று இருபத்து மூன்று. பயம் அடிவயிற்றிலிருந்து ஏறியது. அந்த வயிறு பசிக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் புத்திக்கு எட்டியது. யாரையாவது எதிரில் உட்காரவைத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் நடுக்கமாக இருந்தது.

மறுநாள் பஸ் பிடித்து முசரவாக்கம் போனார். நல்ல வெயில். வயலில் நின்றிருந்த தணிகாசலம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "யாருங்க, யார பாக்கணும்?" என்றான். பிறகு கிட்டே வந்து உற்றுப் பார்த்தான்.

"சாரா? ஒடம்புக்கு என்னா சார்? மூணு வாரத்துல இப்பிடி ஆயிட்டீங்களே."

அவர் நேரே கல்லிடம் போனார். கல்லின் முன் உட்கார்ந்து கண்ணை மூடி விரலை வைத்தார். கண்ணாடி பொய் சொல்லலாம், விரல் சொல்லாது. இருபத்து நான்கு. எழுத்தின் பள்ளத்தில் கல் பொடி ஒட்டியிருந்தது. புதுப்பொடி.

அதன் பிறகு அவர் படியிறங்கவில்லை. பாயில் கிடந்தார். தறி ஓடியது. நின்றது. ஓடியது. தட்டு வந்தது. சாப்பிட்டார். சாப்பிட்டதாகத்தான் தோன்றியது. உடம்பில் வலி இல்லை. அதுதான் கொடுமை. இவ்வளவு வருடத்து அலுப்பும் மெல்லக் கழன்று, இப்படியே இருந்துவிடலாமே என்று இதமாக இருந்தது. அந்த இதத்தை நினைத்தால்தான் உடம்பு உதறியது. கொடியில் தாள் ஆடியது. அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை.

முப்பத்தொன்றாம் நாள் காலையில் அவர் மனைவி கமலவேணி வந்தாள். தையல்நாயகி அம்மாள் கடிதம் போட்டிருந்தாள். பாயில் கிடந்தவரைப் பார்த்ததும் கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மொதல்ல சாப்பிடுங்க. சாயங்காலம் ஆஸ்பத்திரி. அப்புறம் நம்ம வீடு."

"புத்தகம் வேண்டாம் கமலா" என்றார் அவர். சொன்னதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எதுவும் வேண்டாம். எனக்கு வீட்டுக்கு வரணும்."

"வரலாம். நான் இருக்கேன்ல."

குழைய வடித்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், கெட்டித் தயிர். தலைவாழை இலை போட்டு, அவரைத் தாங்கி உட்காரவைத்து, எதிரில் உட்கார்ந்தாள். இந்த முறை அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். விரல் சோற்றைப் பிசைந்தது, சூடு சுட்டது. மிளகு தொண்டையில் காரமாய் இறங்கியது. அப்பளம் நொறுங்கியது. ஒவ்வொரு கவளத்தையும் மென்று விழுங்கினார். வயிறு நிறைவது தெரிந்தது. எத்தனை நாளைக்கப்புறம். தயிர்ச் சோற்றை வழித்து நக்கினார். பிழைத்துவிட்டோம் என்று நினைத்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

"போதும் கமலா. வயிறு நிறைஞ்சுடுச்சு."

கமலவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"ஒரு வாயாவது சாப்பிடுங்க. ஒரு மணி நேரமா எலையையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே."

அவர் குனிந்தார். இலையில் சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. ரசம் ஆறியிருந்தது. அப்பளம் முழுசாக. வலது கை முழங்கால்மேல், காய்ந்து, சுத்தமாகக் கிடந்தது. வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது.